உள்பக்கத் தாழ்ப்பாள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி.
கூடாரத்துக்குள் பதினாறு பிளாஸ்டிக் நாற்காலி.
வந்தவர் எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது.
ஒருவரிடம் இரண்டு தண்ணீர் லாரி.
ஒருவரிடம் ஆழ்துளை போடும் இயந்திரம், டீசல் இல்லை.
டீசல் இருப்பவரிடம் இயந்திரம் இல்லை,
இருவருக்கும் பேச்சுவார்த்தையும் இல்லை.
தெனேமாஜியிடம் நாலாயிரம் சோப்பு.
நேற்று வந்திறங்கியவர்களிடம்
தங்கள் பெயர் எழுதிய பலகைகள்.

என்னிடம் ஒரு வாளிகூடக் கிடையாது.
ஒரு மார்க்கர் பேனா,
கம்பத்தில் கட்டிய, கட்டம் போட்ட தாள்:
யார், எங்கே, என்ன.
சமைத்தவனும் இல்லை, உண்பவனும் இல்லை,
பந்தி விசாரிக்கிறவன்.

சாட் நாட்டின் கிழக்கு ஓரம்.
எல்லை தாண்டி வந்தவர்கள்
வாடியின் மணல் கரையில்
கம்பும் துணியுமாக ஊர் போட்டிருக்கிறார்கள்.
ஆளுக்குப் பதினைந்து லிட்டர் என்கிறது கையேடு.
பிஷாராவின் லாரி புதைந்த நாளில்
ஆறு.
எண்ணைத்தான் சொல்கிறேன்.
குடிக்க, கஞ்சி காய்ச்ச,
பிள்ளைக்குக் கால் கழுவ, தொழுகைக்கு முன் முகம் கழுவ;
இதில் எதை விடுவது என்பது
அவரவர் பாடு.

ஒன்பதாம் பகுதியில் இரண்டு அமைப்புகள்
ஒரே வாரத்தில் கழிப்பறை தோண்டின,
முதுகோடு முதுகு ஒட்டி.
பதினோராம் பகுதிக்கு நேரே தாள் வெள்ளையாகவே கிடந்தது.
மூன்று செவ்வாய் சண்டை பிடித்தேன்.
கடைசியில் ஒருவர் முனகிக்கொண்டே
பலகைகளைக் கழுதை வண்டியில் ஏற்றினார்.
நாற்பது கழிப்பறை.
கட்டத்துக்குப் பச்சை அடித்துவிட்டு
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் அழைப்பில்லாமல் வந்தாள் கத்மல்லா.
நாற்காலி கொடுத்தோம், உட்காரவில்லை.
பச்சைக் கட்டத்தில் விரல் வைத்தாள்.
"இது பொய்.
நாங்கள் இன்னும் வாடிக்குத்தான் போகிறோம்,
இருட்டின பிறகு, நாலு நாலு பேராக.
உங்கள் கதவுகள் சந்தைப் பாதையைப் பார்த்து நிற்கின்றன.
உள்ளே தாழ்ப்பாள் இல்லை.
காற்று தள்ளினாலும் திறக்கும்.
காற்று மட்டுமா தள்ளுகிறது?"

மொழிபெயர்த்த பையன்
கடைசி வரியைத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

அவள் முடிக்கவில்லை.
அதே வாடியின் மணலைத் தோண்டித்தான் குடிக்கிறார்களாம்,
லாரி வராத நாளில்.
தங்கை மருமகளுக்கு ஏழு மாதம்.
கண் மஞ்சளாகிவிட்டதாம்.

தாழ்ப்பாள் யார் கணக்கில்?
கழிப்பறை கட்டியவர் காகிதத்தைப் புரட்டினார்: அதில் இல்லை.
பெண்கள் பாதுகாப்புக்கு வேறு கூட்டம், வியாழக்கிழமை.
என் தாளிலும் அதற்கு ஒரு பத்தி கிடையாது.
கூடாரத்துணி படபடத்தது.
யாரோ ஒரு பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"சோப்புப் பெட்டி கட்டி வந்த இரும்புப் பட்டை
என் கிடங்கில் குவிந்து கிடக்கிறது,"
என்றாள் தெனேமாஜி, யாரிடமும் இல்லாமல்.
டீசல்காரர் தொண்டையைச் செருமினார்.
எல்லைக்கு அப்பால் சைக்கிள் கடை வைத்திருந்த ஜிமெத்
ஒன்பதாம் பகுதியில் சும்மா இருப்பதாகப்
பையன் சொன்னான்.

வெட்டி, வளைத்து, துளைபோட்டு
இரண்டு நாளில் நாற்பது.
ஜிமெத்துக்குக் கூலி யார் தருவது என்று பேச
மூன்று நாள்.
கதவுகளைத் திருப்பிப் பூட்ட இன்னும் ஆள் இல்லை;
சந்தைப் பாதையை முள்வேலி வைத்து ஒதுக்கினோம்.
தாளின் ஓரத்தில் கையால் ஒரு கோடு இழுத்தேன்,
கோணலாக: தாழ்ப்பாள்.

முதலில் கத்மல்லா உள்ளே போனாள்.
இரும்பு இரும்பில் விழும் சின்னச் சத்தம்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
வெளியே ஐந்து பெண்கள், கையில் குவளையோடு.
ஒருத்திகூடக் கதவைத் தட்டவில்லை.
அவ்வளவு நேரம் ஒருத்தி
தனியாக இருந்து எத்தனை மாதமோ.

வெளியே வந்தாள்.
கை கழுவ வைத்த டின்னின் குழாயைத் திருகினாள்.
சொட்டு வரவில்லை.
திரும்பி என்னைப் பார்த்தாள்.

மார்க்கரின் மூடியைக் கழற்றினேன்.