ஒன்றுமில்லை

தாஸ்மானியாவுக்குத் தெற்கே, கப்பலில் மூன்று நாள்.
மரம் என்று சொல்ல ஒரு குச்சிகூட முளைக்காத தீவு.
நெரிடாவுக்கு அங்கே வேலை
முயல் தேடுவது.
சம்பளம், ரப்பர் பூட்ஸ், பிளிண்ட் என்றொரு நாய்,
பறவைகளைக் கவ்வாதிருக்க நாயின் வாய்க்கு ஒரு கூடு.

கடைசி முயல் செத்து இரண்டு வருடம் ஆகிறது.
ஆகிறது என்று நம்பப்படுகிறது.
இல்லாத பொருளை முயற்கொம்பு என்போம் நாம்;
இங்கே கொம்பை விடுங்கள்,
முயலே முயற்கொம்பு.

இரவு ஏழுக்கு ரேடியோ கரகரக்கும்.
"தெற்குக் குடிசை, சொல்லு."
"ஒண்ணுமில்லை."
"நல்லது."
இந்தப் பதிலுக்கு நல்லது சொல்லும் முதலாளி
இதற்குமுன் அவளுக்கு வாய்த்ததில்லை.

குடிசைச் சுவரில் பழைய படம்:
சவரம் செய்த தாடைபோல் இதே சரிவு.
ஒரு கல் அசைந்தாலும் எதிர்மேட்டிலிருந்து தெரியும்.
வேர் செத்த மண் ஒரே மழையில் வழுக்கி
பென்குயின்கள்மேல் விழுந்தது அந்த வருடம்தான்.

இப்போது புல் அவள் தலைக்கு மேல்.
ஒவ்வொரு கொத்தும் தன் பழைய தாள்களின்மேலேயே ஏறி நின்று
காற்று வந்தால்
ஈரத் தலை முழுவதையும் முகத்தில் உதறுகிறது.
இடையில் சேறு.
பாறையென்று நினைத்துக் கால் வைத்தால்
ஏப்பம் விடும் யானைச் சீல்.

புல் தழைக்கத் தழைக்க
முயல் இல்லை என்று சொல்வது கஷ்டமாகிறது.
ஒளிந்துகொள்ள இவ்வளவு இடத்தை
இவர்களே அல்லவா திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பிளிண்ட் உட்கார்ந்தது.
குரைக்கவில்லை. உட்கார்ந்தது.
அதற்கு ஒரே அர்த்தம்தான்.
அவள் வயிறு ஒரு படி கீழே இறங்கியது.
கொத்தின் அடியில் தோள்வரை கையை விட்டாள்.
நார். குளிர். பெட்ரல் பறவையின் எண்ணெய் வாடை.
பிறகு விரல்நுனியில், வரிசையாக,
பற்கள்.

மண்டை ஓடு.
கண்ணிருந்த குழிகளில் நுழைந்து
தாடை வழியே வெளியேறியிருந்தன வேர்கள்.
இழுத்தாள். புல் விடவில்லை.
இன்னொரு தரம் இழுக்கவில்லை அவள்.
நாய்க்கு ஒரு துண்டு சீஸ்,
அது சரியாகத்தானே சொன்னது.

ஏழு மணி.
"எலும்பு ஒண்ணு. பழசு."
"எவ்வளவு பழசு?"
வெளியே இருட்டில் சரிவு முழுவதும்
எதையோ மென்றுகொண்டிருந்தது.
"புல்லைத்தான் கேட்கணும்" என்றாள்.
அந்தப் பக்கம் சிரிப்பா, கரகரப்பா, தெரியவில்லை.

பூட்ஸைக் கவிழ்த்தாள்.
அரைக் கோப்பைத் தண்ணீர்,
நாலைந்து விதை.