நிறம் சேர்க்காதது

வின்னிபெக். ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்துநான்கு.
உள்ளே என் கணினிக்குக் காய்ச்சல்.
முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சமையலறையை
வெள்ளை ஓக் அலமாரிகளோடு வரைந்து முடிப்பதற்குள்
தொண்ணூற்றிரண்டு டிகிரி தொட்டுத்
தானே அணைந்துபோகிறது.

திறந்து பார்த்தேன்.
மூன்று வருஷம் மாற்றாத தண்ணீர்.
குழாயின் வளைவில் பச்சையாய் ஒரு நூல்.
செம்புத் தகட்டின் மயிரிழை இடுக்குகளில்
பழைய ஊதாச் சாயம்
திரிந்த பாலாக அடைத்துக் கிடந்தது.
அந்த ஊதா, வளனின் ஆசை.
இப்போதும் அவனுக்கு அதேதான் வேண்டும்,
விளக்குப் போட்டால் மின்னுகிற, பால் கலந்த ஊதா.
"பாக்க அழகா இருக்கும்ல?"
பழைய டூத்பிரஷ்ஷால்
அந்த அழகைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, எதை ஊற்றுவது?
குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்பும் குளோரினும்.
வடித்தெடுத்தது சுத்தம். சுத்தமானதாலேயே பசித்த தண்ணீர்,
கிடைக்கிற உலோகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாய் நக்கும்.
பாசிக்கு ஒரு துளி மருந்து வேண்டும்.
வெள்ளிச் சுருள் போட்டாலும் பாசி அண்டாது,
ஆனால் வெள்ளி, நிக்கல் பூச்சைச் சும்மா விடாது.
அரிப்புக்கு இன்னொரு மருந்து.
மருந்தும் மருந்தும் ஒத்துப்போகாவிட்டால்
அடியில் வண்டல்.
கிளைக்கால் கூடச் சேர்த்தால் எல்லாம் அடங்கும்,
ஆனால் தண்ணீர் கனக்கும், பம்ப் முனகும்.
எந்தப் புட்டியைத் திறந்தாலும்
ஓர் 'ஆனால்' கரைந்திருக்கிறது.

விலை குறைவென்று வளன் வாங்கிவந்த ரேடியேட்டர்
அலுமினியம்.
செம்போடு ஒரே தண்ணீரில் இருந்தால்
அலுமினியம்தான் கரைந்துபோகும், சத்தமில்லாமல்.
போர்ட்டேஜ் அவென்யூ கடையில் திருப்பிக் கொடுத்தோம்.
ரசீதைப் பார்த்த பையன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

வருகிற வழியில் நாலு லிட்டர் கேன் ஒன்று,
சின்னப் புட்டியில் கிளைக்கால் கலவை,
நிறம் சேர்க்காதது.
வளன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
சண்டை என்று சொல்ல முடியாது.
டிக்கியிலிருந்து எடுக்க இருவருமே மறந்தோம்.

காலையில் கேன் வயிறு உப்பிக் கல்லாய்க் கிடந்தது.
புட்டி மட்டும் தேனாய்க் கனத்து, சாய்த்தால் அசைந்தது.
இயந்திரத்துக்குச் சூடு தாளவில்லை.
அதைத் தணிக்க வேண்டியதோ உறைந்துபோய் நிற்கிறது.
தரையில் வெப்பக்காற்று வரும் துவாரத்தருகே கேனை வைத்து
சாக்ஸ் காலோடு இருவரும் எதிரில் உட்கார்ந்தோம்.
முந்தின நாள் புளிக்குழம்பு தீர்ந்தது.
கேனுக்குள் ஒரு கட்டி மட்டும்
கரையாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

ஒன்பதுக்கு ஒன்று.
அளவு ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து
அவன்தான் ஊற்றினான், ஒரு சொட்டுச் சிந்தாமல்,
வேண்டாவெறுப்பாக.
மற்ற எதற்கும் மின்சாரம் தராமல் பம்ப் மட்டும் ஓட,
இணைப்புகளுக்குக் கீழே டிஷ்யூ விரித்து
இருபத்துநாலு மணி நேரம் காவல்.
அவன் ஷிப்டுக்குப் போனான்.

ராத்திரி மூன்றரைக்கு ஒரு தாளில் ஈரம்.
ஊதாவாக இருந்திருந்தால் பார்த்ததும் தெரிந்திருக்கும்.
இது கசிவா,
இல்லை, கதவைத் திறந்து வந்த வேகத்தில்
ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்த
வளனின் தொப்பியிலிருந்து உருகிய பனியா?
கிளைக்கால் இனிக்குமாம். நாக்கில் வைக்கக் கூடாது.
இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன்.
அவனும் விரலை நீட்டினான். தொட்டுவிட்டேன்.
வழுக்குகிறதா?
"தெரியலையே," என்றான்,
தொப்பியைக் கழற்றித் தூரமாய் வைத்துவிட்டு.
"இன்னொரு சொட்டு விழட்டும்."