தீர்மானம் எண் 14

நடுவக்குளம் ஊராட்சியில்
சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு டியூப்லைட் போட
கோரம் சேரவேண்டும்.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்,
ரூபாய் நூற்று நாற்பது, எண்ணாலும் எழுத்தாலும்.
பள்ளிக்கூட வாசலில் பட்டுப்போன வேம்பை வெட்ட
பதினோரு மாசம் கேட்டுக்கொண்டிருந்தோம்.
அதற்குள் அது தானே விழுந்துவிட்டது.
விழுந்ததற்கும் ஒரு தீர்மானம் போட்டோம்.
எழுதியது என் கை. நான் இங்கே எழுத்தர்.

தொண்ணூற்றாறில் பெண்களுக்கு ஒதுக்கிய நாலாம் வார்டில்
ஜெயித்து வந்தாள் பேராச்சி,
பலவேசத்தின் பெண்சாதி.
எண்பத்தேழில், கார்ப் பயிர் தூர் கட்டுகையில்
அவனைக் கடல் தாண்டி அனுப்பினார்கள், அமைதிக்கு என்று.
பிசானத்துக்கு நாற்றுப் பாவுகையில்
பெட்டி வந்தது. பெட்டி மட்டும்.
சவரக் கத்தி, வார் அறுந்த கைக்கடிகாரம்,
தபாலில் சேர்க்காத ஒரு கடுதாசி:
'இங்கயும் தண்ணியத் தண்ணின்னுதான் சொல்லுதாங்க.
கிணத்தடியில ஒரு பொம்பள, குடத்த இறக்காமலே
ஏன் வந்தனீங்கள்னு கேட்டா.
எனக்குப் பதில் தெரியல.'

அந்த நாள் பேப்பர்களை நான் கட்டி வைத்திருக்கிறேன்.
கையெழுத்து முதலில் ஆனது.
ஆள் போனது பிறகு.
சபைக்குச் சேதி சொன்னது அதற்கும் பிறகு.
சபை கேட்டது.
சபையைக் கேட்கவில்லை.

அன்றைய கூட்டத்தில் பதிமூன்று பொருள்,
குழாயடிச் சண்டை, வீட்டு வரி, தெருநாய்.
பதினாலாவது: தலைவர் அனுமதியுடன் இதர.
பேராச்சி எழுந்தாள்.
'வெளிதேசத்துச் சண்டைக்கு ஆள் அனுப்புமுன்னே
டெல்லிச் சபையில கைதூக்கச் சொல்லிக் கேக்கணும்.
எழுதும்.'

இது நம்ம வரம்புக்குள்ள வராதும்மா என்றேன்.
'வரம்பா?
வயல் வரம்புல நடந்துதான் தந்திக்காரன்
எங்க வீட்டுக்கு வந்தான்.
அன்னைக்கு அது யாரு வரம்பு?'

தலைவர் ஆவுடையப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.
கரண்டு இல்லை.

மூன்றாம் வார்டு மாசானம் விடவில்லை:
'எதிரி வாசல்ல நிக்கையில
கூட்டம் போட்டுக்கிட்டா இருக்க முடியும்?'
'நம்ம வாசலுக்கு வந்தா
நானே அருவாள எடுப்பேன், ஒருத்தரையும் கேக்க மாட்டேன்.
நம்ம ஆளு அடுத்தவன் வாசலுக்குப் போகுதானே,
அதுக்குத்தான் கேக்கச் சொல்லுதேன்.'

கை எண்ணினேன். ஐந்து.
மாசானத்தின் கை பாதி உயர்ந்து
தலையைச் சொறிந்தது.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?
நடுநிலை என்று எழுதினேன்.

பதினைந்தே நாளில் சேரன்மகாதேவியிலிருந்து திரும்பி வந்தது நோட்டு.
வேம்புக்கு வராத அவசரம்.
பி.டி.ஓ. சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு
ஊராட்சியின் வரம்புக்கு உட்பட்டதல்ல என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.
பேராச்சி விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தாள்.
'அடியில இருக்கிறது தெரியுதுல்லா' என்றாள்.
அடுத்த பொருளுக்குப் போனோம்.

அவள் ஒரு தடவைதான் நின்றாள்.
பிறகு வார்டு சுழற்சியில் போய்விட்டது.
ரிக்கார்டு அறை ஒழுகி ஒரு ஐப்பசி மழையில்
சிவப்பு மை கரைந்து ரோஸாகிப் போனது.
நான் ஓய்வு பெறும் வருஷம் தணிக்கைக்கு வந்த பையன்
கண்ணாடியைத் துடைத்துவிட்டு,
தீர்மானம் பதினாலு, மேல் நடவடிக்கை என்ன சார் என்றான்.
கோடு அவன் கண்ணில் படவில்லை போல.
நானும் காட்டவில்லை.

நிலுவை என்று எழுதிக் கொடுத்தேன்.
பக்கத்தைப் புரட்டினான்.
பதினைந்து: கன்னடியன் கால்வாய் மடைக்குப் பலகை வாங்கியது,
ரசீது எங்கே?