நாற்பத்தொன்றாம் குழாய்

போவ்வா கடற்கரையில் ஸெஃபெரீனுவின் இடக்கால் செருப்பு
மணலில் கழன்று கிடந்தது.
அவன் படகுவரை போய்விட்டான்.
மைத்துனன்தான் பின்னாலிருந்து கூவினான்.
முப்பத்து மூன்று வயது.
அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.
அந்தக் கரையில் இதற்குச் செல்லப்பெயர் உண்டு:
சின்னக் கால்களின் நோய்.

குற்றவாளி கல்லீரல்.
பித்தம் சுரக்கும், சர்க்கரை சேர்க்கும்,
எல்லாம் ஒழுங்கு.
ஒரே ஒரு புரதத்தை மட்டும்
கோணலாக மடித்து அனுப்பிவிடும்.
அது நரம்போரம் படிந்து படிந்து
பாதம் தரையை மறக்க
பல வருடம் ஆகும்.

பிராகா சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கிய இரவு
ஸெஃபெரீனுவுக்கு வேறு ஈரல் வந்தது.
அவனுடையதை நாங்கள் எறியவில்லை.
அடுத்த அறையில் அடோசிந்தா.
மத்தி டப்பா ஆலையில் நாற்பது வருடம் தலை கிள்ளியவள்,
வயது அறுபத்தேழு,
ஈரலில் மூன்று கட்டி.

முன்பே சொல்லியிருந்தேன் அவளிடம்:
இது இன்னொருவரின் நோயோடு வரும்.
பத்து வருடத்தில், அதிர்ஷ்டமிருந்தால் இருபதில்,
உங்கள் கால் மரத்துப்போகும்.
விரல்விட்டு எண்ணினாள்.
"எண்பத்தேழில் மரக்கட்டும் டாக்டர்,
அப்போது என்னை ஆட யார் கூப்பிடப் போகிறான்."
கையெழுத்தைப் போட்டுவிட்டுப்
பேனாவைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
என் பேனா.

வயிற்றைத் திறக்குமுன் ஐந்து மில்லி ரத்தம் எடுத்தேன்.
அது என் ஆய்வுக்கு.
பிறகு பனித்துருவலில் இருந்து அது வந்தது,
நனைந்த தோல்பை மாதிரி.
கவ்வியை விடுவித்தேன்.
சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து மெல்லச் சிவந்தது.
எத்தனை முறை பார்த்தாலும்
அந்த நிமிடத்தில் அறையில் யாரும் பேசுவதில்லை.
ரேடியோ மட்டும்.
யாரோ கோல் போட்டிருந்தார்கள்.

பகலில் கத்தி, இரவில் பைப்பெட்.
புற்று ஈரலைவிட்டு வெளியேறுமுன்
ரத்தத்தில் உதிர்த்துப் போகும் ஒரு துணுக்கைத்
தேடிக்கொண்டிருந்தேன்.
அந்த அளவு கோட்டைத் தாண்டினால்
மாற்றியும் பயனில்லை, நோய் திரும்பும்.
ஓர் ஈரலுக்கு ஒன்பது பேர் காத்திருக்கையில்
எட்டுப் பேரிடம் இல்லை என்று சொல்வது என் வேலை.
அதை என் வாய் சொல்லாமல்
ஓர் எண் சொல்லட்டும் என்று ஆசைப்பட்டேன்.
ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

மைனஸ் எண்பதில் அறுபது குழாய்கள்.
பெயர் இல்லை, எண் மட்டும்.
சாவி எர்மீனியுவின் மேசையில், அரக்கு வைத்த உறையில்.
ஏழு வருடம் கழித்துப் பிரித்தோம்.
இருபது பேர் கோட்டுக்கு மேலே.
பத்தொன்பது பேருக்கு நோய் திரும்பியிருந்தது.
அவர்களில் சிலரின் அடக்கத்துக்கு நான் போயிருக்கிறேன்.
குறிப்பான் வேலை செய்கிறது.
எர்மீனியு என் தோளைத் தட்டினான்.

எல்லோருக்கும் மேலே, உச்சியில், தனியாக ஒரு புள்ளி.
நாற்பத்தொன்று.
அடோசிந்தா.

அன்று இந்த எண் என் கையில் இருந்திருந்தால்
பேனாவை நீட்டியே இருக்க மாட்டேன்.
இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டு
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து,
மிக மென்மையான குரலில்
கதவைக் காட்டியிருப்பேன்.

புள்ளியியலில் அவளுக்கு ஒரு சொல் இருக்கிறது:
பொய் நேர்மறை.
கட்டுரையில் அப்படித்தான் எழுதினேன்.
இருபதில் ஒன்று பொய்.
ஏற்கத்தக்க பிழை.
அந்தப் பிழை தினமும் காலையில்
செதோஃபெய்த்தா தெருவில் சோள ரொட்டி வாங்குகிறது,
விலைக்குச் சண்டை போடுகிறது.

கோட்டை உயர்த்தலாமா என்று பார்த்தேன்.
உயர்த்தினால் அவள் உள்ளே வருவாள்,
பத்தொன்பது பேரும் கூடவே வருவார்கள்.
வரிசையில் காத்திருப்பவர்களுக்கு
அவ்வளவு ஈரல் எங்கே?
கோட்டை அங்கேயே விட்டேன்.
அவளுக்குத் தெரியாது.
சொல்ல வேண்டுமா என்றும் தெரியவில்லை.

நேற்று பரிசோதனைக்கு வந்தாள்.
ஒரு காலில் செருப்பு,
மறு காலில் வெறும் காலுறை, நுனி அழுக்காகி.
மெட்ரோவிலா, படியிலா, எங்கே கழன்றதோ,
வரவேற்பறைப் பெண் சொல்லித்தான் தெரியுமாம்.
"வந்துவிட்டான் போல," என்றாள்,
தான் பார்த்திராத ஒருவனை.
"சீக்கிரமே வந்துவிட்டான்."

ரொட்டிப் பையை என்னிடம் தந்து
சட்டைக்கையை மேலே சுருட்டினாள்.
பை இன்னும் சூடாக இருந்தது.
ஐந்து மில்லி எடுத்தேன்.
குழாயில் எண்ணை ஒட்டும்போது
பேனா கேட்டேன் அவளிடம்.