மூன்றடி பின்னால்

புது அகலக்கோண லென்ஸ் விலை
சியாலாவுக்கு ஏழு மாத வாடகை.
ஆகவே திபிலீசி உலர்பாலச் சந்தையில்
சோவியத் காலத்து நாற்பத்தைந்து மில்லிமீட்டர்:
ஓரத்தில் பூஞ்சை,
குளிரில் முரண்டுபிடிக்கும் குவிய வளையம்.
தவணை முடியாத மீடியம் ஃபார்மட் கேமராவோடு
அதைச் சேர்த்துவைக்க ஓர் அடாப்டர்.
பேரத்தில் மிஞ்சியது பஸ் காசு.

பழைய வீட்டின் மாடிப்படிக் கூடம்.
எதிர்ச்சுவர் ஓவியம் அடங்க மறுக்கிறது.
இடப்பக்கத் தேவதைக்கு
ஒற்றைச் சிறகுதான்.
பின்வாங்கிப் பின்வாங்கி
முதுகு சுவரில் முட்டியது.

சுவரல்ல, கதவு.
திறந்தார் ஒதார், கையில் கரண்டி.
"இன்னும் உள்ளே வா,
அடுப்பு மட்டும் பத்திரம்."

அவர் சமையலறையில் முக்காலியை ஊன்றினாள்.
இரண்டாம் சிறகு வந்தது,
கூடவே கதவு நிலையும்
பீன்ஸ் வேகும் ஆவியும்.

எதையும் வெட்டவில்லை.