புளியரையில் எதுவும் நடக்கவில்லை

ஆலப்புழையில் வாத்துகள் சாகத் தொடங்கினால்
எனக்கு இங்கே செக்போஸ்டில் இரவுப் பணி.
கோழி லாரி என்றால் திருப்பி அனுப்பு.
மற்றதற்கு டயரில் மருந்தடி.
போன தடவை மூன்று வாரம் சாரலில் நின்றோம்.
இந்தப் பக்கம் ஒரு கோழிகூடச் சாகவில்லை.
"அப்போ எதுக்கும்மா இத்தனை மருந்து?" என்றார்
பில்லில் கையெழுத்துப் போட வந்த அதிகாரி.

அதே கேள்வியை நான்
லிஜி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன்.

இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை
ஆரியங்காவு, தென்மலை, கொல்லம் தாண்டி
திருவனந்தபுரத்தில் ஒரு மணி நேரம் டிரிப்.
திரும்பி வந்தால்
வலது கால் செருப்பு இப்போதும்
என்னிடம் சொல்லாமல்தான் கழன்று போகிறது.
இடது கண்ணுக்குச் சிவப்புக் கொடி
துவைத்துத் துவைத்து வெளுத்த கொடி.
தலை குனிந்தால்
முதுகில் மின்சாரம் இறங்குகிறது.

"ஒண்ணும் மாறலையே, சிஸ்டர்."

"போயது போயி மோளே.
இனி போகாதிரிக்கானா இது."

மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டாள்.
என் ரத்தத்தில் சுற்றும் காவல்காரர்கள்
என் நரம்பின் உறையையே
கடத்தல் சரக்கென்று நினைத்து உரிக்கிறார்களாம்.
மருந்து அவர்களைக் கொல்வதில்லை.
மூளைக்குள் போகும் வாசலில்
அவர்கள் பிடித்து ஏறுகிற கைப்பிடியை
மூடிவைக்கிறது, அவ்வளவுதான்.
பிடி கிடைக்காமல்
ரத்தத்தோடு ரத்தமாக ஓடிப்போகிறார்கள்.

செக்போஸ்ட்காரிக்கு அடுத்த கேள்வி தானாக வரும்:
ரோட்டை அடைத்தால் ஆம்புலன்ஸ்?

லிஜி சிரிக்கவில்லை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
கையைக் குத்தி ரத்தம் எடுப்பது அதற்காகத்தான் என்றாள்.
உடம்பில் ஒரு கிருமி சும்மா குடியிருக்கலாம்.
அது தலைக்கு ஏறினால்
தடுக்க அங்கே ஆளிருக்காது.
குடியிருப்பது தெரிந்தால்
இந்த மருந்தை விட்டு வேறொன்றை யோசிக்கணும்.

இந்த வருஷத்து ஸ்கேன் ரிப்போர்ட்டில்
புதிய புள்ளி இல்லை.
நடக்காமல் போனதை எந்தக் கண்ணால் பார்ப்பது?
வராத ஒரு செவ்வாய்க்கிழமை,
எழுந்திருக்க முடியாத அந்தக் காலை,
எங்கேயோ திருப்பி அனுப்பப்பட்டு நிற்கிறது.

ராத்திரி இரண்டே முக்கால்.
அறுபத்தோரு வண்டி. சம்பவம்: ஏதுமில்லை.
ரிஜிஸ்டரை மூடும்போது
மரத்தடி ஏற்றி வந்த பௌலோஸ்
ஒற்றைச் செருப்பை நீட்டினார், டயருக்கடியில் கிடந்ததாம்.

வாங்கி மாட்டக் குனிந்தேன்.
முதுகில் இறங்கியது.
போன வருஷத்து அளவுதான்.