முப்பத்தேழாம் வில்லை

கச்சான் தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில்
வெள்ளை உடுப்புக் காயப்போட மாட்டோம்.
சம்மாந்துறையில் நெல் அவிக்கிற மில்
ஆறு வீடு தள்ளி.
உமி எரிந்த கரி
தயிர்ச் சட்டியில், குர்ஆன் உறையில்,
தூங்குகிற பிள்ளையின் இமையில்.

பிரதேச சபைக்குப் போன மனுவில்
ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது.
பத்தாம் நாள் அதே மில்லுக்கு
இரண்டு உரபேக்கோடு போனேன்.

பொயிலரடியில் நின்ற கலந்தர் காக்கா கேட்டார்:
"கொட்ட இடமில்லாம நாங்க லொறிக்குக் காசு குடுக்கிறம்.
நீ வந்து சும்மா கேக்கிறாயா, மகள்?"
"அப்ப அந்தக் காசையும் தாங்களன்."
சிரித்தார். பல்லிலும் கரி.

கரிச்சாம்பலைத் திரும்ப எரித்தேன், வெளிறும்வரை.
கல்முனைக் கடைசல் பட்டறையில்
காந்தத்தால் இரும்புத் தூள் பொறுக்கினேன்.
முகத்துக்குத் துவாய் கட்டி
உடைந்த சோடாப் போத்தல்களை உரலில் இடித்தேன்.
ஒவ்வொரு கலவைக்கும் ஒரு களிமண் வில்லை,
ரூபாய்க் குத்தியளவு,
முதுகில் ஆணியால் கீறிய எண்.

ஏழு கொப்பளித்தது.
பன்னிரண்டு சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது;
உளியால் தட்ட, தட்டுத்தான் உடைந்தது.
பத்தொன்பது தொடக்கம் முப்பத்தொன்று வரை
எழுதக்கூட ஒன்றுமில்லை.
கறண்ட் பில்லைப் பார்த்த நௌசாத்
ஒன்றும் சொல்லவில்லை,
நாலாய் மடித்து என் கொப்பிக்குள் வைத்தார்.

முப்பத்தேழு.
அரிசி கழுவிய முதல் தண்ணியின் நிறம்.
விளிம்பில் மட்டும் இரும்பு
மண்ணிறமாய்க் கசிந்திருந்தது.
ஆறியதும் நக்கிப் பார்த்தேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

அந்தக் கிழமைதான் மனு வென்றது.
புகைபோக்கியடியில்
தண்ணீர் தெளிக்கிற தொட்டி பூட்டினார்கள்.
கரி இனிப் பறக்காது,
சுண்ணாம்போடு கலந்து
சேறாய் வாய்க்காலில் இறங்கும்.
முப்பத்தேழை இனி யாராலும்,
என்னாலும்கூட, திரும்பச் செய்ய முடியாது.

ஒழுங்கை முழுக்க வெள்ளை:
பள்ளிக்கூடச் சட்டைகள், சாரங்கள், தொழுகை உடுப்புகள்,
கொடி கொள்ளாமல் மதிலிலும் முருங்கைக் கொப்பிலும்.
எங்கள் வீட்டுத் தலையணை உறைகளும்தான்.

கலந்தர் காக்கா ஒரு வாளிச் சேற்றை நீட்டினார்.
"இது உதவுமா?"
"தெரியாது" என்றேன்.

வாளி கனத்தது.
வழியில் யாருடையதோ வெளுத்த சாரத்தில்
மூன்று துளி தெறித்தது.
சுற்றிப் பார்த்தேன்.
நடையைக் கூட்டினேன்.